சுவரில் சந்தன வட்டம்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கூரை ஒழுகுமா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்து சுவரைப் பார்ப்பேன். ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் தலை எங்கே படுமோ அந்த உயரத்தில், கூடத்தைச் சுற்றி ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. "சுவத்துக்கு ஜோசியம் பாக்கறா" என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். செல்போனில் படத்தைப் பார்த்தே அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, பிறகு என்னிடம் வந்து மூக்கைச் சிந்துகிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு. நான் இதுவரை ஒருவனிடமும் ஏமாந்ததில்லை. கர்வமாகத்தான் சொல்கிறேன்.

அந்தக் கர்வம் தொடங்கிய இடம் திருப்பதி. எல்லை பிரித்து முடித்திருந்த சமயம் அது. எங்கள் ஊர் பிச்சாட்டூர் பக்கம். அதுவரை மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தோம். திருத்தணி அந்தப் பக்கம் போக, நாங்கள் இந்தப் பக்கம் ஆந்திராவுக்கு வந்துவிட்டோம். வீட்டில் கட்டிலைக்கூட நகர்த்தவில்லை, ராஜ்யம் மாறிவிட்டது. ஊர் ஆண்கள் டீக்கடையில் இதையே மென்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலையே கிடையாது. சித்தூரில் சித்தி வீட்டில் தங்கி டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் தெலுங்குப் பெண்கள் என்பதால் தெலுங்கில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. உத்தரவு வந்த அன்று மாட்டுக் கொட்டகையில் போய் நின்று தனியாகக் குதித்தேன். வீட்டுக்குள் குதித்தால் நைனா பார்த்துவிடுவார்.

நைனா என்றால் என் அப்பா. கடலைக்காய் விவசாயி. அதிகம் பேச மாட்டார். பேசினால் அது தீர்ப்பு. "வயசுப் பொண்ணு தனியா இருக்கக் கூடாது. அம்மா உன்கூட இருப்பா. மரியாதையான வூடு ஒண்ணு கெடைச்சா வேல. கெடைக்கலன்னா திங்கக்கெழமை சாயங்கால வண்டிக்கு மூணு பேரும் ஊருக்குத் திரும்பிடணும்" என்றார். திரும்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வரதய்யபாளையத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர்தானாம். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டமாட்டார்களாம், அதைப் பெருமையாக வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் வந்து ஒரு சத்திரத்தில் தங்கித் தெருத் தெருவாக அலைந்தோம். வீடுகளுக்குக் குறைவில்லை, எங்களுக்குத்தான் கிடைக்கவில்லை. திருப்பதியில் அப்போதே நிறைய வீட்டுக்காரர்கள் வீட்டை மாத வாடகைக்கு விடமாட்டார்கள். மலைக்கு மொட்டை போட வருகிற கூட்டத்துக்கு நாள் வாடகைக்கு விட்டால் நல்ல வரும்படி. ஒரு வீட்டில் "மீரு அரவவாள்ளா?" என்று கேட்டார்கள், தமிழ்க்காரர்களா என்று. ஆமாம் என்றதும் காபி கொடுத்து உபசரித்துவிட்டு, வீடு இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் ஆண்பிள்ளை யார் கூட இருப்பது என்றார்கள். நைனா கடலை பிடுங்க ஊருக்குப் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் என் கால் வீங்கிவிட்டது, நம்பிக்கை வற்றிவிட்டது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் இட்லி தின்றுகொண்டிருந்தோம். அம்மா தாங்கமாட்டாமல் புலம்பினாள். "இந்த ஊர்ல எவ்ளோ வூடு கீது, நமக்கு ஒரு மூல இல்லியே." பக்கத்து மேசையில் இருந்த ஆள் சட்டென்று திரும்பினான். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம்.

"இன்னா நைனா, புத்தூர் பக்கமா நீங்க?"

அவ்வளவுதான். இரண்டு நாளாகத் தெலுங்கிலேயே பதில் கேட்டுச் சலித்திருந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நைனாகூட வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அவன் நகரிக்காரனாம். ஆபீசர் ஒருவருக்கு நம்பிக்கையான ஆளாம். "எல்லை பிரிச்சாங்கல்ல, அவரு மெட்ராஸ் பக்கமே எழுதிக் குடுத்துட்டாரு. குடும்பத்தோட போய்ட்டாரு. வூடு சும்மா பூட்டிக்கினு கெடக்குது. நம்ம ஜனமா பாத்துக் குடுடான்னு சாவிய என் கைல குடுத்துட்டுப் போனாரு. வாங்க, இப்பவே காட்றன்."

அப்போது அந்தக் கதையை யார் சொன்னாலும் நம்பியிருப்போம். எங்கள் பக்கத்தில் தினம் ஒரு குமாஸ்தா குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போய்க்கொண்டிருந்தது.

வீட்டைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கூடம், இரண்டு அறை, பின்னால் கிணறு, கிணற்றருகே வேப்பமரம், அதற்கும் பின்னால் ஓடு போட்ட சின்னக் கட்டு ஒன்று. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். இங்கே என் மேசை, இங்கே அம்மாவின் பெட்டி, ஜன்னலுக்குக் கீழே என் புத்தகங்கள் என்று அறை அறையாக ஓடி மனசுக்குள் குடியேறிவிட்டேன். கூடத்தில் நைனா பணம் தரச் சம்மதிக்கிற குரல் கேட்டது. மூன்று மாத அட்வான்ஸ். நாளைக்கு இன்னொரு குடும்பம் பார்க்க வருகிறது, அவர்கள் முந்திக்கொண்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அலமாரி வைக்க அளவு பார்க்கலாம் என்று கூடத்துச் சுவரோரம் குந்தினேன். அப்போதுதான் பார்த்தேன். சுவரில் மங்கலாக ஒரு மஞ்சள் வட்டம். பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் கீழே சின்னதாக ஒன்று. அப்படியே கண்ணை ஓட்டினால் கூடத்தைச் சுற்றி வரிசையாக வட்டம் வட்டமாக, பெரிதும் சிறிதும், ஒன்றின் மேல் ஒன்றாகவும். ஒன்றைத் தொட்டேன். விரலில் தூள் ஒட்டியது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

என் கன்னம் சுரீர் என்றது. ஆறு வயதில் எனக்கு இதே ஊரில் மொட்டை போட்டார்கள். தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து, நாள் வாடகைக்கு எடுத்த அறையில் வெள்ளைச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அந்த வட்டத்துக்காக அம்மா விட்ட அறை இன்னும் நினைவிருக்கிறது. இது அந்த வட்டம்தான்! ஒரு குடும்பம் எப்போதோ ஒரு தடவை மொட்டை போடும். இங்கே சுவர் முழுக்க மொட்டைத் தலைகள் சாய்ந்திருக்கின்றன. அதுவும் நேற்று முந்தா நாள்வரை.

எழுந்து சமையலறைக்கு ஓடினேன். குடும்பம் நடத்திய வீட்டில் அடுப்புக்கு மேலே சுவர் கறுத்திருக்க வேண்டும். இங்கே சுத்தம். பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் மூன்று மூன்றாகக் கற்கள், எல்லாம் கரி. கும்பலாக வந்தவர்கள் அண்டா வைத்துப் பொங்கித் தின்ற இடம். ஆபீசராவது ஒன்றாவது! இது மலைக்கு வருகிறவர்களுக்கு விடுகிற வீடு. இவன் இதை நாள் வாடகைக்கு எடுத்துச் சாவி வாங்கிக்கொண்டு, எங்களுக்கு மாத வாடகைக்கு விடுகிறான்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, ஆத்திரத்திலும் ஒரு குஷியிலும். ஆனால் கூடத்தில் நைனாவின் கை மடியில் இருந்தது. அந்நிய ஆண்பிள்ளை எதிரில், பெண் வாய் திறந்து "இவன் திருடன்" என்றால் நைனா என்னைத்தான் முறைப்பார். அவன் சாவியோடு கம்பி நீட்டிவிடுவான். என்ன செய்யலாம் என்று வாசலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடத்தில் ஒரு பெண் விளக்கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, வெளக்கு வச்சாச்சு" என்றேன்.

நைனாவின் கை அப்படியே நின்றது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு காசு வெளியே போகாது. உப்பு கேட்டாலே நாளைக்கு வா என்பார்கள். "ஆமால்ல" என்று மடியை இறுக்கிக்கொண்டார்.

அவன் விடவில்லை. "இந்தக் காலத்துல அதெல்லாம் இன்னாத்துக்கு நைனா? லட்சுமி இன்னா சாயங்காலமானா கோச்சுக்குவாளா?" என்று சிரித்தான். அம்மா திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். எங்கள் பேச்சைப் பேசுகிறவன் யாரும் அந்த நேரத்தில் அடுத்தவனைக் காசு எடுக்கச் சொல்லமாட்டான். கடன்காரன்கூட வாசலோடு நின்றுவிடுவான்.

"நாளைக்கு நல்ல நாள்தான். காலைல பால் காச்சிட்டு, தாம்பாளத்துல வெத்தல பாக்கோட வச்சுத் தர்றோம்" என்றேன், குனிந்த தலை நிமிராமல், அடக்கமான பெண்ணாக. அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆறு மணிக்கே வந்துடுங்க. யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதீங்க, போட்டி ஜாஸ்தி" என்றான்.

தெருமுனை திரும்பியதும் நான் கொட்டித் தீர்த்தேன். சந்தனம், கரிக்கல், கறுக்காத அடுப்பு எல்லாம். நைனா நம்பவில்லை. "நம்ம பேச்சு பேசறான்டி அவன். நகரிக்காரன். ஒரு கறையப் பாத்துட்டு மனுசன சந்தேகப்படறதா?" என்றார். அம்மா மட்டும், "வெளக்கு வச்சப்புறம் காசு கேட்டானே" என்று முணுமுணுத்தாள். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. விறுவிறுவென்று திரும்பி நடந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தெலுங்கில் கேட்டேன். இந்த வீட்டுக்காரர் யார்?

பக்கத்து வீட்டம்மா சிரித்துவிட்டாள். ஆபீசரும் இல்லை, மண்ணும் இல்லை. வீட்டுக்காரி ஒரு விதவை அம்மாள், குளத்தங்கரைத் தெருவில் இருக்கிறாள், மலைக்கு வருகிறவர்களுக்கு விடுவாள் என்றாள். நைனா என் பின்னால் குளத்தங்கரைத் தெருவுக்கு நடந்தார். அந்த நடை எனக்கு இன்னும் இனிக்கிறது. முதல் தடவையாக நான் முன்னால், அவர் பின்னால்.

வீட்டுக்காரி குள்ளம், குரல் மட்டும் மலை உயரம். நான் சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. நகரியிலிருந்து குடும்பத்தோடு மொட்டை போட வருகிறோம் என்று சொல்லித்தான் ஒருவன் சாவி வாங்கினானாம். நாளைக் காலையோடு அவன் கெடு முடிகிறதாம். "தொங்க வெதவா!" திருட்டுப் பயலே என்று அவள் தெலுங்கில் கத்தியதில் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மகன்களும் எழுந்து வந்தார்கள். தடித்தடியான ஆட்கள். இப்போதே போகலாம் என்றார்கள். போனால் ஓடிவிடுவான், காலையில் காசு வாங்க வருவான் அல்லவா, அப்போது பிடிக்கலாம் என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ பால் எடுத்துக்கொண்டு வா, மற்றதை நான் காய்ச்சுகிறேன் என்றாள்.

விடிந்ததும் கிளம்பினோம். நைனா கையில் பால் சொம்பு, அம்மா கையில் தாம்பாளம், என் கையில் விறகுக் கட்டு. மூவரும் குடிபோகிற குடும்பம்போலவே நடித்துக்கொண்டு நடந்தோம். அம்மாவின் தாம்பாளத்தில் பாக்கு உருண்டுகொண்டே வந்தது. வீட்டுக்காரியும் மகன்களும் பக்கத்து வீட்டுக்குள் காத்திருந்தார்கள். அவன் சாவியோடு சிரித்துக்கொண்டே வந்தான். "வாங்க நைனா, வாங்க. மொதல்ல அட்வான்ஸ முடிச்சிடுவோம்" என்று கதவைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பாய், பானை, பிள்ளைகள். வண்டியிலிருந்து இறங்கிய பெரியவர் கையில் ஒரு பால் சொம்பு! அவர் பின்னால் நடந்து வந்த புதுப் புருஷன் பெண்டாட்டி கையில் இன்னொரு பால் சொம்பு! மூன்று பால் சொம்புகளும் ஒரே வாசலில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்கள எட்டு மணிக்குத்தான வரச் சொன்னேன்?" என்று அவன் வாய் தானாக உளறியது.

வண்டியில் வந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் நகரி நெசவாளி. "திங்கக்கெழமை எட்டு மணி ராகு காலம்யா! ராகு காலத்துல எவனாச்சும் பால் காச்சுவானா? அதான் விடிகாலையிலியே வந்துட்டோம். அட்வான்ஸ் குடுத்தாச்சு, எப்ப வந்தா உனக்கு இன்னா?" அந்தப் புதுப் புருஷனும் அதையே சொன்னான். அவனும் கொடுத்துவிட்டிருந்தான். எங்களிடம் ஆறு மணிக்கு வாங்கிக்கொண்டு, எட்டு மணிக்கு அவர்கள் வரும்போது ரயிலில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். எங்கள் பேச்சை இவ்வளவு நன்றாகப் பேசியவனுக்கு எங்கள் ராகு காலம் மறந்துபோய்விட்டது.

அவன் கொல்லைப் பக்கம் ஓடினான். அதற்குள் வீட்டுக்காரியின் மகன்கள் கிணற்றடிக்கு வந்து நின்றிருந்தார்கள். திரும்பி வாசலுக்கு ஓடி வந்தான். வாசலில் அந்தக் குள்ள அம்மாள். தெலுங்கில் அவளும் தமிழில் நெசவாளியின் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் வைத வசவில் தெருவே கூடிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே கைதட்டிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. ஆனால் எல்லாரையும் விட மோசமாகப் பொங்கியவள் என் அம்மா. தாம்பாளத்தைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு, அவன் தோள் துண்டைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்க பேச்ச பேசி ஏமாத்தினியேடா! இனிமே எவனாச்சும் நைனான்னு கூப்ட்டா நாங்க சந்தோசப்படறதா, பயந்துகினு ஓடறதா? சொல்றா!"

அவன் மடியிலிருந்து அவர்கள் பணத்தை மகன்கள் எடுத்து இரண்டு குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். பிறகு போலீஸ்காரர் வந்து அவனை அழைத்துப்போனார்.

கூட்டம் கலைந்தது. நான் வெற்றிக் களிப்பில் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பால் சொம்போடு மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். "சாயங்கால வண்டிதான் அப்போ" என்றார் மெதுவாக. திருடனைப் பிடித்துவிட்டேன், வீட்டைப் பிடிக்கவில்லையே! வரதய்யபாளையத்து வாசல் கண்முன் வந்து நின்றது. அழுகையை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரி எங்கள் மூன்று சொம்புகளையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, என்ன பார்த்து அவனைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். சுவரைக் காட்டினேன். இத்தனை வருஷமாகச் சுண்ணாம்புக்குச் செலவு வைத்த கறை அது; அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தக் கூடத்தை மாதத்துக்கு விட்டால் எனக்குக் கட்டாது, ஆனால் பின்னால் உள்ள ஓட்டுக் கட்டு இருக்கிறது, நீயும் உன் அம்மாவும் அதில் இருங்கள், முன் கட்டுக்கு வருகிறவன் நிஜமாகவே மொட்டை போட வந்தவன்தானா என்று பார்த்துச் சாவி கொடுப்பது உன் வேலை என்றாள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். "பாலு பொங்கிஞ்சண்டி", பாலைப் பொங்க வையுங்கள் என்று அந்த அம்மாள் உத்தரவு போட்டாள்.

நெசவாளி குடும்பமும் புதுப் பெண்ணும் தங்கள் பாலையும் எங்கள் பாத்திரத்திலேயே ஊற்றிவிட்டார்கள். கொண்டுவந்த பாலைத் திருப்பி எடுத்துப்போக அவர்களுக்கு மனசில்லை. அது பொங்கிப் பொங்கி அடுப்பையே அணைத்தது. இரண்டு குடும்பங்களுக்கும் வீடு தேட வீட்டுக்காரி தன் மகன்களைக் கூட அனுப்பினாள்.

நைனா மத்தியானம், "மலைக்குப் போய்ட்டு வரன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் திரும்பி வந்தபோது நான் எங்கள் ஓட்டுக் கட்டின் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த அடர்த்தியான முடி இல்லை. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, அசதியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாதான் காதோடு சொன்னாள். "உனக்கு உத்தரவு வந்த அன்னிக்கே வேண்டிக்கினாரு. வூடு கெடைச்சு நீ வேலைல சேந்தா முடி குடுக்கறேன்னு. கெடைக்கலன்னா உன்ன இட்டுக்கினு போவ அவருக்கு மனசு வராது. அதான் மனசக் கல்லாக்கிக்கினு முன்னாடியே அவ்ளோ கெடு பேசினாரு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாட்டுக் கொட்டகையில் ஒளிந்து குதித்தேனே, அந்த நேரத்தில் இவர் எங்கோ நின்று எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரி சுவரைப் பார்த்துவிட்டு, "அய்யோ, கோட!" என்று தெலுங்கில் சுவருக்காகக் கத்தினாள். நைனா பதறி எழுந்தார். அவர் தலை இருந்த இடத்தில் மஞ்சளாக, முழுசாக ஒரு வட்டம்.

சங்கராந்திக்கு அந்த அம்மாள் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பைத்தியம் என்று திட்டிவிட்டு, விட்டுவிட்டாள். அந்த வீட்டில் இருந்த வரைக்கும் அதில் தலை சாய்த்துத்தான் பிள்ளைகளின் நோட்டுத் திருத்துவேன்.